தொட்டி முதலில், மீன் பிறகு

(வீட்டில் மீன் வளர்ப்போருக்காகவும் வளர்க்க நினைப்போருக்காகவும் நூலக வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே வரும்போது பெரியவர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏன் சார், தங்க மீனப் பத்தி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கு? ஒரு கண்ணாடிக் கிண்ணம், ஒரு சொம்பு தண்ணி, வேளைக்கு நாலு உருண்டை தீனி. அவ்வளவுதானே?" அவர் கேட்டதில் தப்பில்லை. பல வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. அந்த வீடுகளில் மீன் ஒரு மாதம் இருக்கும், மிஞ்சினால் மூன்று மாதம். பிறகு ஒரு நாள் காலையில் மல்லாந்து மிதக்கும். "தங்க மீனுக்கு ஆயுசு அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு நாம் மறுபடியும் கடைக்குப் போவோம்.

ஆயுசு அவ்வளவுதான் என்பது உண்மை இல்லை. ஒழுங்கான இடத்தில் வைத்தால் தங்க மீன் 10 முதல் 20 ஆண்டுகள் வாழும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1956இல் ஒரு பொழுதுபோக்குச் சந்தையில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற தங்க மீன் 1999இல், தன் 43ஆம் வயதில் இறந்தது. கின்னஸ் சாதனைப் பதிவில் அதற்கு இடம் உண்டு. அப்படியானால் மூன்று மாதத்தில் சாகும் மீன் வயதாகிச் சாகவில்லை. இருக்க இடம் சரியில்லாமல் சாகிறது. நாம் மீனை முதலில் வாங்குகிறோம், அதற்கான இடத்தைப் பிறகு யோசிக்கிறோம். இந்த வரிசையை மாற்றினாலே பாதி மீன்கள் பிழைக்கும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் தெரியும். வண்ண மீன் வியாபாரத்தில் நாடெங்கும் பேர் பெற்ற இடம். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நில்லுங்கள். குழந்தை விரலை நீட்டும், அப்பா தலையாட்டுவார், கடைக்காரர் வலையை விடுவார். இரண்டு விரற்கடை நீளமுள்ள சிவப்பு மீன் ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் "இதுக்கு ஒரு சின்ன பவுல் குடுங்க" என்ற பேச்சு வரும். அந்த மீன் குஞ்சு என்பதை யாரும் அந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பதில்லை. கடைத்தொட்டியில் நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை சில மாத வயதுக் குஞ்சுகள். நீள உடம்புள்ள சாதாரணத் தங்க மீனும், வால் நீண்ட காமெட் மீனும் முழு வளர்ச்சியில் 30 சென்டிமீட்டர் தொடும், சில அதையும் தாண்டும். உருண்டை உடம்புள்ள ஒராண்டா, ரியுகின், பிளாக் மூர் போன்றவை 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை வளரும். கையளவு, முழங்கையளவு மீன் அது. கெண்டை இனத்தைச் சேர்ந்த மீன் வேறு எப்படி இருக்கும்?

"தொட்டி சின்னதா இருந்தா மீனும் சின்னதாவே நின்னுடும் சார்" என்று சிலர் சொல்வார்கள். நிற்கும் என்பது உண்மைதான். ஏன் நிற்கிறது? அழுக்கு நீரில், இடமில்லாமல், அதன் வளர்ச்சி தடைபடுகிறது. முதுகு வளைகிறது, உள்ளுறுப்புகள் கெடுகின்றன. வளர முடியாமல் போனதை அளவான வளர்ச்சி என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மீன் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அதற்கு எப்படிப்பட்ட இடம் வேண்டும் என்பது தானாகப் புரியும். சீன நாட்டின் சாம்பல் நிறக் கெண்டை வகை ஒன்றில் எப்போதாவது சிவப்பும் மஞ்சளுமாகக் குஞ்சுகள் பிறந்தன. தாங் அரச காலத்தில் பௌத்த மடங்களின் குளங்களில் அந்த நிற மீன்களைப் பிடித்துக் கொல்லாமல் காத்து வைத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில், தெற்குச் சோங் அரசின் தலைநகரான ஹாங்சோவில், அரண்மனைக் குளத்துக்கே வந்துவிட்டன. மிங் அரச காலத்தில்தான் அவை குளத்திலிருந்து அகன்ற மண் தொட்டிகளுக்கும் பீங்கான் தொட்டிகளுக்கும் மாறின. அங்கே மனிதன் பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் செய்தான். இரட்டை வால், புடைத்த கண், உருண்டை உடம்பு எல்லாம் அந்தப் பொறுக்கலில் வந்தவை. பிறகு ஜப்பானுக்குப் போயிற்று, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போயிற்று. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சீனரும் ஜப்பானியரும் இந்த மீனை மேலிருந்து பார்த்தார்கள். வாய் அகன்ற தொட்டி, ஆழம் குறைவு, பரப்பு அதிகம். மீனுக்குப் பிடித்த வடிவமும் அதுதான்.

இன்னொரு செய்தி. கண்ணாடித் தொட்டியின் தொடக்க வரலாற்றிலும் தங்க மீனுக்கு இடம் உண்டு. ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1850இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பாத்திரத்தில் தங்க மீன், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, அழுகிய இலையைத் தின்னும் நத்தை ஆகியவற்றைச் சேர்த்து வைத்து, உயிர்களின் எண்ணிக்கை அளவோடு இருந்தால் நீர் கெடாமல் நிலைத்திருக்கும் என்று காட்டினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சி சாலையில் மக்கள் பார்வைக்கு மீன் காட்சியகம் திறந்தார்கள். வாரிங்டனின் பாத்திரம் 50 லிட்டருக்குக் குறையாதது. நூற்று எழுபது ஆண்டுக்கு முன்னால் ஒரு வேதியியலாளர் அறிந்து சொன்னதை மறந்து, நாம் இன்று அதே மீனை 3 லிட்டர் கிண்ணத்தில் போடுகிறோம்.

சரி, சின்னக் கிண்ணத்தில் என்னதான் கெடுகிறது? இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். முழுப் பிரச்சினையின் வேரும் இங்கேதான் இருக்கிறது.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அமோனியாவாக வெளியேற்றுகிறது. மலம் கழிப்பது தனி. மூச்சு விடும்போதே அமோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். தின்னாமல் மிஞ்சிய தீனியும் அழுகி அமோனியா ஆகும். ஆற்றிலும் குளத்திலும் அது கரைந்து போய்விடும். மூடிய கண்ணாடிக்குள் எங்கே போகும்? சாக்கடை இணைப்பே இல்லாத வீட்டில் குடியிருக்கும் நிலைதான். தங்க மீனிடம் இந்தத் தொல்லை மற்ற மீன்களைவிட அதிகம். அதற்குத் தனியாக இரைப்பை என்று ஒன்று கிடையாது. தின்றது குடல் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்கும். அதனால் கழிவும் அதிகம். கண்ணாடிக்கு அருகே நாம் போனால் வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று நினைத்து ஆளுக்கு ஒரு பிடி போடுவோம். அந்தத் தீனியெல்லாம் அமோனியாவாகத் திரும்பும்.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நீருக்குள் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அமோனியா செவுளைப் பொசுக்கும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்யும். நீரில் காற்று இருந்தும் மீன் மூச்சுத் திணறும். கடைசியில் வரும் நைட்ரேட் அளவோடு இருந்தால் பெரிய கெடுதல் செய்யாது. வாரா வாரம் கொஞ்சம் நீர் மாற்றினால் வெளியே போய்விடும். இந்த பாக்டீரியாக் கூட்டம் புதுத் தொட்டியில் இருக்காது. அது பெருகி நிலைகொள்ள நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் வளர்ப்பவர்கள் இதைத் தொட்டியை 'சைக்கிள்' செய்வது என்பார்கள். புதுத் தொட்டி வாங்கி, தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே மீனை விட்டால், இரண்டாம் வாரமோ மூன்றாம் வாரமோ மீன் சாகும். தண்ணீர் பார்க்கப் பளிங்குபோலத் தெளிவாகத்தான் இருக்கும். அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

ஆகவே முதல் நாள் தொட்டியை வைத்து, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். அது அழுகி பாக்டீரியாவுக்கு உணவாகும். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியுள்ள நண்பர் இருந்தால் அவர் ஃபில்டரின் பழைய பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். காலம் பாதியாகக் குறையும். அவர் தொட்டியில் நோய் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். சொட்டு மருந்து போல வரும் சோதனைக் கிட் கடையில் கிடைக்கும். அமோனியா சுழி, நைட்ரைட் சுழி, நைட்ரேட் கொஞ்சம் என்று காட்டும் நாளில்தான் தொட்டி தயார். அந்த நாளில் மீன் வாங்கப் போங்கள்.

அடுத்தது அளவு. அனுபவமுள்ளவர்கள் பலர் ஒத்துக்கொள்ளும் கணக்கு இது: உருண்டை உடம்பு மீன் ஒன்றுக்கு 75 லிட்டர், கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு மீனுக்கும் 40 லிட்டர். நம் ஊரில் தொட்டியை அடிக்கணக்கில் விற்கிறார்கள். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் என்று கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 56 லிட்டர். ஒரு தங்க மீனுக்கே அது பற்றாது. 3 அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் 190 லிட்டர். மேலே கொஞ்சம் விட்டு நிரப்பினால் 160, 170 நிற்கும். அதில் மூன்று மீன் சுகமாக வாழும். காமெட்டும் சாதாரணத் தங்க மீனும் வேகமாக நீந்தும். அவற்றுக்குத் தோட்டத்துத் தொட்டிதான் சரி. பெரிய தொட்டி பராமரிக்கக் கடினம் என்று பயப்பட வேண்டாம். நீர் அதிகமாக இருந்தால் அழுக்கும் வெப்பமும் மெதுவாகத்தான் ஏறும். ஒரு நாள் கவனம் தவறினாலும் தொட்டி பொறுக்கும். சின்னக் கிண்ணத்தில் அந்தச் சலுகை இல்லை.

அளவைப் போலவே வடிவமும் முக்கியம். நீரின் மேற்பரப்பில்தான் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீருக்குள் போகும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கிண்ணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நிரப்பினால் நீரின் மேற்பரப்பு சுமார் 700 சதுர சென்டிமீட்டர். அழகாக இருக்கட்டும் என்று கழுத்துவரை நிரப்புகிறீர்கள். வாய் 15 சென்டிமீட்டர் அகலம் என்றால் மேற்பரப்பு 180 சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்துவிடும். தண்ணீர் ஏறக்குறைய இரண்டு பங்கானது, காற்று நுழையும் பரப்பு நாலில் ஒரு பங்கானது. மீன் மேலே வந்து வாயைக் குப்பு குப்பென்று திறப்பதை விளையாட்டு என்று குழந்தைக்குக் காட்டுகிறோம். மூச்சு முட்டும் மீன் அப்படித்தான் செய்யும்.

ஆக, நீளமான, அகலமான, செவ்வகத் தொட்டி வேண்டும். அதற்கொரு ஃபில்டர் வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்ப்பும் விலை குறைந்தவை, நம்பிக்கையானவை. பெரிய தொட்டிக்கு மோட்டார் வைத்த ஃபில்டரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் அட்டையில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும். தொட்டி நீரைப்போல ஐந்தாறு மடங்காவது மணிக்குச் சுற்ற வேண்டும். உருண்டை மீன்களால் வேகமான நீரோட்டத்தில் நிற்க முடியாது. அதனால் நீர் கொட்டும் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. குளோரின் பட்டால் ஆறு வாரமாக வளர்த்த பாக்டீரியா ஐந்து நிமிடத்தில் போய்விடும். நீர் மாற்றும்போது வாளியில் எடுத்த தொட்டி நீரிலேயே அலசிப் போடுங்கள். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். மீனை வெளியே எடுத்து, தொட்டியைக் கவிழ்த்து, சோப்புப் போட்டுத் தேய்ப்பது மீனுக்குச் செய்யும் சேவை இல்லை. மறுபடி முதல் நாளுக்கே திரும்பிப் போகிறோம்.

எந்தத் தண்ணீர் என்ற கேள்வி நம் ஊருக்கே உரியது. நகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்தால் போகும். அவசரத்துக்கு 'ஆன்டி குளோரின்' சொட்டு விடலாம். போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினநீர். தங்க மீனுக்கு அது பிடிக்கும், உவர்ப்பு மட்டும் கூடாது. கேன் தண்ணீரைத்தான் பலர் நல்லது என்று நினைத்து ஊற்றுகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் தாது உப்புகளை எடுத்துவிடுவதால் அந்த நீரின் அமில காரநிலை (பி.எச்.) நிலையாக நிற்காது, திடீரென்று சரியும். கடின நீரில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். பி.எச். 7 என்று இருக்கும்போது நீரிலுள்ள அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பி.எச். 8 ஆனால் நூற்றில் 5 பங்குக்கு மேல் நச்சாகும். நம் போர்வெல் நீர் பல இடங்களில் இந்த 8ஐ ஒட்டித்தான் நிற்கிறது. ஆகவே ஃபில்டர் இல்லாமல் தங்க மீன் வளர்ப்பது நமக்குக் கூடுதல் ஆபத்து.

வெயிலைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் மீன் தொட்டியைப் பற்றிப் பேச முடியாது. தங்க மீன் குளிர்நீர் மீன். உருண்டை வகைகளுக்கு 20 முதல் 24 டிகிரி சுகம். நம் வீட்டுத் தொட்டி மே மாதத்தில் 30ஐத் தாண்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே வெப்பத்தில் மீனின் உடல் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது. அதனால்தான் கோடையில் ஒரே இரவில் மின்சாரம் போய், ஏர் பம்ப் நின்று, விடிவதற்குள் மீன்கள் சாகின்றன. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள், அல்லது பம்ப்பை வீட்டு இன்வெர்ட்டரில் இணையுங்கள். மேற்குச் சுவரோரம், நேர் வெயில் விழும் ஜன்னலோரம் தொட்டி வேண்டாம். ஒரு சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியைக் கொட்டாதீர்கள்; திடீர்க் குளிர் வெயிலைவிடக் கெடுதல். நீர் மாற்றுவதை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியானம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும் என்பது உங்களுக்கே தெரியும். இரவு முழுக்க ஏ.சி., பகல் முழுக்கப் புழுக்கம் என்றிருக்கும் அறையும் நல்லதல்ல. வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் மீனுக்கு நோய் ஒட்டும்.

இன்னொரு ஆபத்து நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பலரும் சந்தேகிப்பதே இல்லை. கொசுவர்த்தியிலும், செருகி வைக்கும் கொசு விரட்டித் திரவத்திலும், கரப்பான் பூச்சி ஸ்பிரேயிலும் பைரித்ராய்டு வகை மருந்துகள் இருக்கின்றன. அவை நமக்கு அதிகம் கெடுதல் செய்வதில்லை, மீனுக்கோ கடும் நஞ்சு. ஏர் பம்ப் அறையின் காற்றைத்தான் இழுத்து நீருக்குள் விடுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பூச்சி மருந்து அடிப்பவர்கள் வீட்டுக்கு வரும் நாளில் தொட்டியை மூடி, பம்ப்பை நிறுத்தி வைத்து, அறை காற்றோட்டமான பிறகு ஓடவிடுங்கள்.

தொட்டிக்குள் என்ன வைக்கலாம்? கேட்பதற்கே குறைவாக இருக்கும். தங்க மீன் தரையைக் கிளறித் தேடித் தின்னும் இனம். மெல்லிய மணல் போதும். வெறும் தரையாக விட்டாலும் தப்பில்லை. பட்டாணி அளவுள்ள கலர் கற்கள் வாயில் சிக்கிக்கொள்ளும். முனை கூரான பிளாஸ்டிக் செடிகள் வாலைக் கிழிக்கும், புடைத்த கண்ணைக் குத்தும். வேலம்பாசி போட்டால் தின்றுவிடும். தின்னட்டும், அதற்கு நல்லதுதான். நிலைத்து நிற்க அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளைக் கட்டையில் கட்டி வையுங்கள். மேலே ஒரு மூடி, பகலில் எட்டு மணி நேரம் விளக்கு, இரவில் இருட்டு. மிச்ச இடமெல்லாம் நீந்துவதற்கு. 3 அடித் தொட்டி நிரம்பினால் எடை 200 கிலோவை நெருங்கும் என்பதால் அதற்கென்று செய்த ஸ்டாண்டில், அடியில் தெர்மாகோல் விரித்து வையுங்கள். டி.வி. மேசை தாங்காது.

கூட யார் இருக்கலாம்? தங்க மீனுக்குத் தங்க மீனே துணை. அதிலும் வேகமான காமெட்டையும் ஆடி அசைந்து வரும் ஒராண்டாவையும் ஒன்றாகப் போட்டால் தீனி முழுவதும் காமெட்டுக்குத்தான். வெப்ப நீரில் வாழும் வெப்பமண்டல மீன்களைச் சேர்க்க வேண்டாம்.

இத்தனை சொன்ன பிறகும் ஒருவர் எழுந்து, "எங்க வீட்டு மீன் கிண்ணத்துலயே ரெண்டு வருஷமா இருக்கே" என்று கேட்கலாம். இருக்கும். தங்க மீனின் தாங்கும் சக்தி அப்படிப்பட்டது. பனியில் உறைந்த குளங்களுக்கு அடியில் ஆக்சிஜனே இல்லாத நீரில் இதுவும் இதன் உறவினமான குருசியன் கெண்டையும் உயிரோடு இருக்கின்றன. உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியே விட்டுத் தப்பிக்கின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விளக்கினார்கள். இவ்வளவு கடினமான உயிர் நம் கிண்ணத்தில் மூன்று மாதத்தில் சாகிறது என்றால் கிண்ணம் எத்தனை மோசமானது என்று நாம்தான் கணக்குப் போட வேண்டும். தாங்குவது வேறு, வாழ்வது வேறு.

மூன்று விநாடிதான் தங்க மீனுக்கு ஞாபகம், அதற்குச் சலிப்பே தெரியாது என்று ஒரு கதையும் உலவுகிறது. 2003இல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் தங்க மீன்கள் நாளின் குறிப்பிட்ட நேரத்தில் நெம்புகோலைத் தள்ளித் தீனி பெறக் கற்றுக்கொண்டன. 2022இல் இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகம் சக்கரம் பூட்டிய நீர்த்தொட்டியைத் தங்க மீனே தரையில் இலக்கை நோக்கி ஓட்டிச் செல்லும்படி பழக்கியது. நேரம் அறிந்து, திசை அறிந்து, கற்றதை நினைவில் வைக்கும் உயிருக்கு நீந்த இடமும் தேட இடமும் வேண்டும்.

வேறு சில நாடுகளில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். இத்தாலியின் மோன்சா நகரம் 2004இலும், ரோம் நகரம் 2005இலும் உருண்டைக் கிண்ணத்தில் மீன் வைப்பதைத் தடை செய்தன. சுவிட்சர்லாந்தில் 2008இல் வந்த விதிகள் கூடி வாழும் உயிர்களைத் தனியே அடைக்கக் கூடாது என்கின்றன. நம்மிடம் சட்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் மனிதர் அல்லாத எல்லா உயிர்களையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. அதன் 11ஆவது பிரிவு, நியாயமாக நடமாட முடியாத அளவுக்கு உயரமோ நீளமோ அகலமோ போதாத கூண்டிலோ கொள்கலத்திலோ ஒரு விலங்கை அடைத்து வைப்பதைக் குற்றம் என்கிறது. 3 லிட்டர் கிண்ணத்தை அந்தப் பிரிவோடு பொருத்திப் பார்க்கும் வேலையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

வீட்டில் முற்றமோ தோட்டமோ இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வாய் அகன்ற சிமென்ட் தொட்டி தங்க மீனுக்கு அருமையான இடம். ஆனால் புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு இறங்கி நீரைக் காரமாக்கும். நீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, இறைத்து, மறுபடி நிரப்பி என்று இரண்டு மூன்று வாரம் செய்துவிட்டு, பி.எச். இறங்கிய பிறகு மீனை விடுங்கள். பாதித் தொட்டிக்கு நிழல் வேண்டும். மேலே வலை வேண்டும். பூனையும் மீன்கொத்தியும் மீனைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடும். மழைக்காலத்தில் நீர் வழிந்து மீன் வெளியே போகாதபடி விளிம்புக்குக் கீழே வலை கட்டிய வடிகால் துளை ஒன்று வையுங்கள்.

மீன் பெரிதாகிவிட்டது, வைக்க இடமில்லை என்றால் ஏரியிலோ கோயில் தெப்பக்குளத்திலோ விடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் வாஸ் ஆற்றில் யாரோ விட்ட தங்க மீன்கள் பெருகி, ஏறக்குறைய 2 கிலோ எடைவரை வளர்ந்து, அடித்தளத்தைக் கிளறி நீரைக் கலக்கி, உள்ளூர் மீன்களுக்கு இடமில்லாமல் செய்கின்றன. நம் ஏரிகளுக்கு ஏற்கெனவே உள்ள துன்பம் போதும். வளர்க்க முடியாத மீனைக் கடைக்கோ, பெரிய தொட்டி உள்ளவருக்கோ கொடுத்துவிடுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. குழந்தை மீன் கேட்டால் மறுக்க வேண்டாம். ஆனால் வரிசையைக் கற்றுக் கொடுங்கள். முதல் வாரம் இடம் பார்ப்பது, தொட்டி வாங்குவது. அடுத்த ஐந்தாறு வாரம் நீரைத் தயார் செய்வது; சோதனைக் கிட்டில் சொட்டு விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதும் வேலையைக் குழந்தையிடமே கொடுங்கள். பள்ளியில் படிக்கும் நைட்ரஜன் சுழற்சியை அவன் கண்ணால் பார்ப்பான். அதற்குப் பிறகு கடைக்குப் போய், சுறுசுறுப்பாக நீந்துகிற, செதில் ஒட்டிய, துடுப்பு விரித்த ஒரு குஞ்சைத் தேர்ந்தெடுப்பது. பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுவது. கடைத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுவது. இரண்டாவது மீன் சில வாரம் கழித்து. வேளைக்கு இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி.

75 லிட்டருக்கு வீட்டில் இடமில்லை, வாரா வாரம் நீர் மாற்ற நேரமில்லை என்பவர்களும் இங்கே இருப்பீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியென்றால் தங்க மீன் வாங்காதீர்கள். கிண்ணத்தில் ஒரு நீர்ச்செடி வையுங்கள், அதுவும் அழகுதான். வாங்க விரும்புகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் தொட்டியும் ஃபில்டரும் சோதனைக் கிட்டும் மட்டும் வாங்கி வாருங்கள். மீன் அடுத்த மாதம் வரட்டும். அப்போது வரும் மீன் உங்கள் பிள்ளை கல்லூரிக்குப் போகும் நாள்வரைகூட வீட்டில் இருக்கும்.